பத்துக்கு மேல்

காவேரிக்கு ரத்தம் பார்ப்பதில் பதினொரு வருஷப் பழக்கம். ஏற்காட்டிலிருந்து தலைச்சோலைக்குப் போகும் வழியில் ஒரு அறக்கட்டளை நடத்திவந்த சின்ன ஆஸ்பத்திரியில், லேப் டெக்னீஷியனும் அவள்தான், மாத்திரை கொடுப்பவளும் அவள்தான், பதிவேடு எழுதுபவளும் அவள்தான். மலையில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. 'ரத்தம் பாக்கற அம்மா' என்றால்தான் தெரியும். விரல் நுனியைப் பிடித்து நீவிக்கொண்டே, "எந்த எஸ்டேட்டு கண்ணு? காப்பிப்பழம் எடுக்க ஆரம்பிச்சாச்சா?" என்று ஏதாவது கேட்பாள். பதில் வருவதற்குள் ஊசி குத்தி முடிந்திருக்கும்.

அங்கே வரும் பெண்களில் பாதிப்பேருக்கு வேறு நோயே இல்லை. ரத்தம்தான் இல்லை. காப்பித் தோட்டத்தில் நாளெல்லாம் நின்று, ராகிக் களியும் தண்ணிச் சாறும் சாப்பிட்டு, இரண்டு மூன்று பிரசவமும் ஆனால் உடம்பில் என்ன மிச்சமிருக்கும்? கர்ப்பிணிகள் வந்தால் முதல் வேலையாக ரத்தத்தின் அளவை, அதாவது ஹீமோகுளோபினை, பார்க்கவேண்டும் என்பது டாக்டர் தேவகுமாரியின் கட்டளை. அவர் சேலத்திலிருந்து செவ்வாயும் வெள்ளியும் மலையேறி வருவார். அளவு பத்துக்குக் கீழே இருந்தால் தனியாகக் கவனிப்பார். எட்டுக்குக் கீழே போனால் சேலத்துக்கு அனுப்பி ரத்தம் ஏற்றச் சொல்வார்.

அளவு பார்க்கக் காவேரியிடம் இருந்தது பழைய சாலிக் குழாய். ஒரு சொட்டு ரத்தத்தை அமிலத்தில் விட்டால் அது டிகாஷன் நிறத்துக்கு வரும். பக்கத்தில் பழுப்புக் கண்ணாடித் துண்டு ஒன்று இருக்கும். இரண்டும் ஒரே நிறமாகும்வரை சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, குழாயில் எந்தக் கோட்டுக்கு வந்திருக்கிறது என்று பார்க்கவேண்டும். எல்லாம் கண்ணை நம்பிய வேலை. கண்ணுக்கோ ஜன்னல் வெளிச்சம் வேண்டும். ஆடி பிறந்தால் கார்த்திகை முடியும்வரை ஏற்காட்டில் வெளிச்சத்துக்கு எங்கே போவது? மூடுபனி ஜன்னல் கம்பி வழியாக அறைக்குள்ளேயே வந்து நிற்கும். குழாயைத் தூக்கிப் பிடித்தால் எல்லாமே பால் கலந்தமாதிரி தெரியும்.

தொண்ணூற்றேழாம் வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"காவேரி, போன வாரம் நீ ஒன்பதுன்னு எழுதின பொண்ணை வேற எதுக்கோ சேலத்துல சேர்த்தாங்க. அங்கே பார்த்தா ஏழு."

அவர் திட்டவில்லை. சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். ஆனால் காவேரிக்கு அன்று முழுக்க சோறு இறங்கவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொன்னாள்.

சேகர் ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்ற இடத்தில் டி.வி., ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தான். புதிதாக வரும் டி.வி.க்களுக்குள் எல்லாம் சிப் வந்துவிட்டதே என்று, சனிக்கிழமைதோறும் சேலத்துக்குப் போய் மைக்ரோகண்ட்ரோலர் வகுப்பில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்த சமயம் அது. அவள் சொன்னதை முழுக்கக் கேட்டான்.

"ரெண்டு நெறத்துல எது வெளுப்புன்னு பாக்கறதுதானே வேலை?" என்றான். "அதைக் கண்ணு எதுக்குப் பாக்கணும்?"

மூன்று மாதம் அதற்காக உழைத்தான். ஒரு மரப்பெட்டி. நடுவில் ஒரே ஒரு சின்ன பல்பு. அதன் இடப்பக்கம் ரத்தம் கலந்த குழாய் வைக்க ஒரு துளை. வலப்பக்கம், பத்து அளவுள்ள ரத்தம் எந்த நிறத்தில் இருக்குமோ அந்த நிறத்தில் ஒரு தடுப்பு. இரண்டுக்கும் பின்னால் எல்.டி.ஆர். என்ற வில்லை ஒவ்வொன்று. வெளிச்சம் அதிகமாகப் பட்டால் வில்லை வழியாக வரும் வோல்டேஜ் கூடும், குறைந்தால் குறையும். அந்த இரண்டு வோல்டேஜும் சிப்பின் இரண்டு கால்களுக்குப் போகும். சிப்புக்குள்ளேயே கம்பேரேட்டர் ஒன்று இருந்தது. இரண்டில் எது அதிகம் என்று சொல்வதுதான் அதன் வேலை. ரத்தக் குழாய்ப் பக்கம் அதிகமென்றால் ரத்தம் வெளுத்திருக்கிறது என்று பொருள். சிவப்பு விளக்கு எரியும். இல்லையென்றால் பச்சை.

"எவ்வளவு அதிகம்னு சொல்லாதுங்களா?" என்று காவேரி கேட்டாள்.

"சொல்லாது. இதா அதான்னு மட்டும்தான் சொல்லும். ஆனா ஒரு தடவை பாத்துட்டுச் சொல்லாது. நூறு தடவை ஒப்பிட்டுப் பாத்து, எது ஜாஸ்தியா வருதோ அதைச் சொல்லும். உன் கண்ணு நூறு தடவை பாக்குமா?"

அவன் எல்லாவற்றையும் யோசித்திருந்தான். கரண்ட் ஏறி இறங்கினால்? இரண்டு பக்கமும் சேர்ந்தே ஏறி இறங்கும். பல்பு பழசாகி மங்கினால்? ஒரே பல்புதானே, இரண்டு பக்கமும் ஒன்றாக மங்கும். வெளியே மூடுபனி வந்தால்? பெட்டியை மூடிவிட்டால் உள்ளே பகலும் இல்லை, பனியும் இல்லை. அந்தத் தடுப்புக்குத்தான் சரியான பொருள் கிடைக்கவில்லை. சாலிக் குழாயோடு வந்த கண்ணாடித் துண்டு வில்லையை மறைக்கும் அளவுக்கு அகலம் இல்லை. மருந்துப் பாட்டிலை உடைத்துப் பார்த்தான், நிறம் கறுத்துப்போயிருந்தது. கடைசியில் ஃபேன்சி ஸ்டோரில் பழுப்புக் கண்ணாடித்தாள் வாங்கி, நான்கு மடிப்பாக மடித்துச் செருகினான். மூன்று ஞாயிற்றுக்கிழமை காவேரி அளவு தெரிந்த ரத்தங்களைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்து, ஒரு மடிப்பைக் கூட்டியும் குறைத்தும், பத்தில் மிகச் சரியாக விளக்கு மாறும்படி செய்தாள்.

"இப்போதைக்கு இது இருக்கட்டும். அப்புறம் நல்ல கண்ணாடி கெடைச்சா மாத்திக்கலாம்" என்றான் சேகர். சரி என்றாள்.

தொண்ணூற்றெட்டு மாசி மாதத்தில் பெட்டி ஆஸ்பத்திரிக்கு வந்தது. வந்த பத்தாம் நாளே அம்மணி என்ற பெண்ணுக்குச் சிவப்பு எரிந்தது. நன்றாகத்தான் இருந்தாள், கன்னமெல்லாம் உப்பிப் பார்க்கப் பூசினமாதிரி இருந்தாள். சாலிக் குழாயில் பார்த்தால் ஆறுதான் இருந்தது. டாக்டர் அன்றைக்கே தன் காரில் அவளைச் சேலத்துக்குக் கூட்டிப் போனார். சித்திரையில் அம்மணி பிள்ளையோடு வந்து நின்றபோது டாக்டர் சேகரைக் கடையிலிருந்து வரவழைத்து, எல்லோருக்கும் முன்னால் கையைப் பிடித்துக் குலுக்கினார். கல்யாணத்தன்றுகூட அவன் அப்படிச் சிரித்துக் காவேரி பார்த்ததில்லை.

சாலிக் குழாயைத் துடைத்து அலமாரியில் வைத்தாள். சிவப்பு எரிந்தவர்களுக்கு மட்டும் எடுத்து அளவு பார்ப்பாள். தினமும் காலையில் வெறும் தண்ணீர்க் குழாயைப் பெட்டியில் வைப்பாள். சிவப்பு எரியும். சரி, வேலை செய்கிறது என்று தொடங்குவாள்.

ஆடியில் ஈரம் ஏறியது. சுவரிலெல்லாம் பூஞ்சை பிடித்தது. ஒருநாள் பெட்டியைத் திறந்தால் உள்ளே வில்லைகளின்மேல் முத்து முத்தாக நீர் கோத்திருந்தது.

"ஏனுங்க, பல்பை அணைக்காமயே விட்டுட்டா உள்ளே காஞ்சு கெடக்குமில்லீங்க?" என்று கேட்டாள்.

"விடு. அந்தப் பல்புக்கு என்ன கரண்டு ஆயிடப்போவுது" என்றான் சேகர்.

அன்றிலிருந்து அந்தப் பல்பு அணையவே இல்லை.

ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. விடாத தூறல். மலைப்பாதையில் மண் சரிந்து டாக்டரின் கார் பாதியிலேயே திரும்பிவிட்டது. வராந்தாவில் முப்பது பெண்கள், கோணிச்சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ராசம்மாளின் முறை வந்தபோது மணி பன்னிரண்டு இருக்கும். தலைச்சோலைக்காரி, இருபத்தாறு வயது, வயிற்றில் இருந்தது மூன்றாவது, எட்டாம் மாதம். ஸ்டூலில் உட்கார்ந்த பிறகும் அவளுக்கு மூச்சு அடங்கவில்லை.

"ஏங்கண்ணு இப்பிடி மூச்சு வாங்குது?"

"மேடேறி வந்தனுங்க. உள்ளே இருக்கறது நொம்ப கனமாட்ட இருக்குது" என்று சிரித்தாள்.

காவேரி அவள் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். சிவந்திருக்கவேண்டிய இடம் சலவைத் துணிமாதிரி இருந்தது. நகத்தை அழுத்திப் பார்த்தாள். விட்ட பிறகும் நிறம் திரும்பவில்லை. ஏழு இருந்தால் அதிகம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே விரலைக் குத்தி, குழாயில் கலந்து, பெட்டியில் வைத்தாள்.

பச்சை எரிந்தது.

எடுத்துத் துடைத்து மறுபடி வைத்தாள். பச்சை. இன்னொரு விரலைக் குத்தினாள். புது ரத்தம், புதுக் குழாய். அதற்கும் பச்சைதான்.

அலமாரியைத் திரும்பிப் பார்த்தாள். சாலிக் குழாயை எடுத்தால் கால்மணி நேரம் ஆகும். ஜன்னலில் பனி அடைத்துக்கொண்டு நின்றது. எடுத்தாலும் எதைக் கண்டு பார்ப்பது? ஏழு இருந்ததை ஒன்பது என்று எழுதியதும் இதே கண்தானே என்ற நினைப்பு வந்தது. பெட்டி நூறு தடவை பார்க்கிறது. அதுவும் மூன்று முறை வைத்துப் பார்த்தாயிற்று.

"பச்சைதானுங்களே?" என்றாள் ராசம்மாள். "செவப்பு எரிஞ்சா சேலத்துக்குப் போவச் சொல்லுவீங்கன்னு நாலு நாளா சேர்வராயனைக் கும்பிட்டுக்கிட்டு இருந்தனுங்க. பசங்க ரெண்டும் சின்னதுங்க. பழம் வேற பழுத்துருச்சு. இப்ப ஊட்டுக்குப் போலாமுங்களா?"

"போ கண்ணு. மாத்திரையை மட்டும் உடாம சாப்பிடு."

சீட்டில் 'பத்துக்கு மேல்' என்று எழுதிக் கொடுத்தாள். ராசம்மாள் அதை வாங்கி மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு போனாள். அடுத்தவளைக் கூப்பிட்டாள் காவேரி.

கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்துமணிக்கு எஸ்டேட் ஜீப் ஒன்று ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்று ஓயாமல் ஹாரன் அடித்தது. பின் சீட்டில் ராசம்மாள் படுத்திருந்தாள். தலை அவள் நாத்தனார் ஆராயியின் மடியில் இருந்தது. புருஷன் சின்னன் பின்பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். விடிகாலையில் பெண் குழந்தை பிறந்து, நஞ்சுக்கொடியும் விழுந்து, எல்லாம் நல்லபடியாக முடிந்து, பிறகுதான் இவளுக்கு மயக்கம் வந்திருக்கிறது. டாக்டர் இன்னும் மலையேறி வரவில்லை. காவேரி கையிலிருந்ததைப் போட்டுவிட்டு, கிடைத்த குளுக்கோஸ் பாட்டிலை எடுத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினாள்.

"ரத்தம் நெறையப் போச்சுங்களா?"

"எப்பவும் போறதுதானுங்க" என்றாள் ஆராயி. "மூத்ததுங்க ரெண்டுக்கும் நாந்தான் கூட இருந்தன். அப்பப் போனதைவிட ஜாஸ்தியில்லீங்க. எதுக்கு இவ இப்பிடி ஆயிட்டான்னு தெரியலீங்களே."

காவேரி கைநரம்பைத் தேடினாள். அகப்படவில்லை. ஜீப் வளைவு வளைவாக இறங்கியது. ராசம்மாள் ஒருமுறை கண்ணைத் திறந்து, "குளுருதுங்க" என்றாள். காவேரி தன் சால்வையை எடுத்துப் போர்த்தினாள். கொஞ்சநேரம் கழித்துத் தண்ணீர் கேட்டாள். உதட்டை நனைத்தார்கள்.

"மெதுவாப் போப்பா" என்று சின்னன் டிரைவரிடம் சொல்லிக்கொண்டே வந்தான். "அவளுக்கு வளைவுல தலை சுத்தும்."

அடிவாரத்துக்கு இன்னும் ஆறு வளைவு இருந்தபோது ராசம்மாளின் கை காவேரியின் கைக்குள்ளேயே தளர்ந்துபோயிற்று. காவேரி டிரைவரின் தோளைத் தொட்டு நிறுத்தச் சொன்னாள். ஜீப்பைத் திருப்பி மேலே ஏறும்போதும் சின்னன், "மெதுவாப் போப்பா" என்று இரண்டு முறை சொன்னான்.

டாக்டர் விவரம் கேட்டுக்கொண்டார். "உடம்புல ரத்தம் இருந்திருந்தா தாங்கியிருப்பா. பெரிய இழப்புன்னு தோணலையே" என்றார். பிறகு, "ஐப்பசியில நீ பார்த்தப்போ எவ்வளவு?" என்று கேட்டார்.

"பத்துக்கு மேலம்மா."

"அப்படியா?" என்று புருவத்தைச் சுருக்கினார். "சரி, வீட்டுல நடந்த பிரசவம். எவ்வளவு போச்சுன்னு யார் அளந்து பார்த்தா?"

அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிட்டது. யாரும் பெட்டியைச் சந்தேகப்படவில்லை. கேட்கவும் ஆளில்லை. ஆனால் ஆராயி சொன்னது காவேரியை விடவில்லை. மறுநாள் சனிக்கிழமை நோயாளிகள் எல்லோரும் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டாள். அபூர்வமாக வெயில் அடித்தது. தன் விரலையே குத்திச் சாலிக் குழாயில் பார்த்தாள். பன்னிரண்டு. அதே ரத்தத்தை இன்னொரு குழாயில் கலந்து பெட்டியில் வைத்தாள். பச்சை. சரிதான். ஒரு அளவு தண்ணீர் சேர்த்தாள். இப்போது அது பதினொன்றுக்குரிய நிறம். பச்சை. இன்னும் சேர்த்தாள். ஒன்பதரை. சிவப்பு எரிந்திருக்கவேண்டும். பச்சையே எரிந்தது. ஒன்பது. எட்டு. ஏழு. பச்சை. ஆறரைக்குக் கீழே போன பிறகுதான் விளக்கு தடுமாறி, மின்னி, சிவப்புக்கு மாறியது.

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து பிளக்கைப் பிடுங்கி, பெட்டியை முந்தானையில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஒண்டிக்கடைக்கு நடந்தாள்.

கடையில் சேகர் ஒரு டி.வி.யின் முதுகைத் திறந்து வைத்திருந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் சால்டரிங் கம்பியை வைத்துவிட்டு எழுந்தான். அவள் சொல்லச் சொல்லவே திருப்புளியை எடுத்து மூடியைக் கழற்றினான். முதலில் வில்லைகளைச் சோதித்தான். இரண்டும் சரியாக இருந்தன. சிப்புக்கு ஒரு குறையும் இல்லை. பிறகு தடுப்பைப் பிடித்திருந்த தகரக் கவ்வியை நீக்கிக் கண்ணாடித்தாளை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான்.

கவ்விக்கு அடியில் மறைந்திருந்த ஓரங்கள் வாங்கியபோது இருந்த அதே பழுப்பு. நடுவில், பல்பின் வெளிச்சம் விழுந்த இடத்தில், ஒரு ரூபாய் அகலத்துக்கு வட்டமாக வெளுத்து, காய்ந்த வைக்கோல் நிறத்தில் இருந்தது. மாதக்கணக்கில் இரவும் பகலும் அந்த வெளிச்சத்தையும் சூட்டையும் வாங்கிய தாள். அது வெளுக்க வெளுக்க அந்தப் பக்கத்து வோல்டேஜ் ஏறிக்கொண்டே போயிருக்கிறது. ஏழு அளவுக்கு வெளுத்த ரத்தத்தை வைத்தாலும் தாளைவிடக் கறுப்புதான் என்று சிப் நூறு தடவை ஒப்பிட்டுப் பார்த்து, தவறில்லாமல் சொல்லியிருக்கிறது. காலையில் வைத்துப் பார்த்த வெறும் தண்ணீர் வெளுத்த தாளைவிடவும் வெளுப்பு, அதனால் அதற்கு மட்டும் தினமும் சிவப்பு எரிந்துகொண்டே இருந்திருக்கிறது.

சேகர் தாளைக் கீழே வைக்கவேயில்லை.

"பல்பை யாரு அணைக்க வேண்டாம்னு சொன்னது?" என்றான் திடீரென்று. குரல் அவனுடையதாகவே இல்லை. "அணைச்சு அணைச்சுப் போட்டிருந்தா இது இவ்வளவு சீக்கிரம் போயிருக்காது. உன்னை யாரு..."

பாதியில் நிறுத்திவிட்டான். காவேரிக்குச் சொல்ல இருந்தது. கண்ணாடி மாற்றுகிறேன் என்றது யார் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவன் அப்படியே உட்கார்ந்து முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். வாசலில் ரிப்பேருக்குக் கொடுத்த ரேடியோவை வாங்க வந்த ஒருவர் கொஞ்சநேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் சொன்னாள். அவர் தாளை வாங்கிப் பார்த்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "மாசத்துக்கு ஒரு தடவை பெட்டியைச் சேலத்துல ஒத்துப் பார்க்கச் சொல்லியிருக்கணும். எனக்குத் தோணலை" என்றார். பிறகு பதிவேட்டை எடுத்து, ஆடியிலிருந்து பச்சை எரிந்தவர்கள் அத்தனை பேரையும் மறுபடி பார்த்தாகவேண்டும் என்றார். நூற்று நாற்பத்து மூன்று பேர்.

"ராசம்மா ஊட்டுல சொல்லணுமுங்களா அம்மா?"

டாக்டர் பதிவேட்டை மூடினார். "சொன்னா அவங்களுக்கு என்ன கிடைக்கும்னு எனக்குத் தெரியலை காவேரி. சொல்லாம இருக்க உன்னால முடியுமா?"

முடியாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை தலைச்சோலைக்குப் பஸ் ஏறப் போனபோது சேகரும் கூட வந்தான். சட்டையெல்லாம் போட்டுக்கொண்டு வந்தான். பஸ் வந்து நின்றது. காவேரி ஏறித் திரும்பிப் பார்த்தால் அவன் கீழேயே நின்றுகொண்டிருந்தான். கண்டக்டர் இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு விசில் ஊதினார்.

சின்னன் வீட்டு முற்றத்தில் காப்பிக்கொட்டை காய்ந்துகொண்டிருந்தது. உள்ளே சேலைத் தூளியில் குழந்தை தூங்கியது. ஆராயி கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தாள். "வாங்கம்மா" என்று சின்னன் பாயை எடுத்துப் போட்டான். ஜீப்பில் வந்ததற்கு நன்றி சொல்ல வாய் எடுத்தான். அதற்குள் காவேரி சொல்லத் தொடங்கிவிட்டாள். நின்றுகொண்டே சொன்னாள்.

சின்னனுக்கு முதலில் விளங்கவில்லை. "மிசினு தப்புங்களா?" என்று கேட்டான்.

"மிசினு என்ன பண்ணும்? தாளு வெளுத்துப்போனதை நாங்க பாக்கலை. அன்னிக்கு ராசம்மாவைப் பாத்ததுமே ரத்தமில்லைன்னு என் கண்ணுக்குத் தெரிஞ்சுதுங்க. மிசினு பச்சைன்னு சொல்லிருச்சுன்னு நான் கண்ணை நம்பாம உட்டுட்டன்."

தூளி நின்றுவிட்டது.

"அன்னிக்கு அவ சிரிச்சுக்கிட்டே வந்தாளுங்க" என்றான். "நான் சொன்னன். இப்பிடி இளைக்குதே, ஒருக்கா சேலத்துக்குப் போய்ட்டுத்தான் வருவமேன்னு. சீட்டை எடுத்துக் காட்டுனா. மிசினே சொல்லிருச்சு, நீ என்ன பெரிய டாக்டரான்னு கேட்டா."

அவன் காப்பிக்கொட்டையைக் காலால் தள்ளித் தள்ளிப் பரப்பினான். ஏற்கனவே பரப்பியிருந்ததுதான்.

"நீங்க இதைச் சொல்ல வராம இருந்திருக்கலாமுங்க. அவ காலம் அவ்வளவுதான்னு நெனச்சுக்கிட்டு இருந்தன். இனிமே அப்பிடி நெனைக்க முடியாதுங்களே."

காவேரி அவன் காலில் விழப் போனாள். ஆராயி எழுந்துவந்து அவள் தோளைப் பிடித்து நிறுத்தினாள். "வேண்டாமுங்க. இப்பப் போங்கம்மா" என்று மேடுவரைக்கும் கூட வந்து விட்டுவிட்டுப் போனாள்.

சின்னன் அதற்குப் பிறகு காவேரியிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. வழியில் எதிரே வந்தால் நின்று அவள் கடக்கும்வரை மரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஆனால் ஆராயி வந்தாள். தலைச்சோலையிலும் சுற்றுப்பட்டிலும் யார் யார் கர்ப்பமாக இருந்தார்கள் என்பது அவளுக்குத்தான் தெரியும். வீடு வீடாகப் போய்ப் பெண்களைக் கூட்டிக்கொண்டு வெயில் நாளாகப் பார்த்து ஆஸ்பத்திரிக்கு வந்தாள். என்ன நடந்தது என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. "ரத்தம் பாக்கற அம்மா மறுக்காப் பாக்கணுமாம்" என்றுமட்டும் சொன்னாளாம்.

பங்குனிவரை ஆயிற்று. பதினேழு பேருக்குப் பத்துக்குக் கீழே இருந்தது. நான்கு பேருக்கு எட்டுகூட இல்லை. நான்கு பேரையும் டாக்டர் சேலத்தில் சேர்த்தார். நால்வரும் பிழைத்தார்கள். சென்னையிலிருந்து டாக்டர் நிறம் மாறாத பழுப்புக் கண்ணாடி ஒன்றை வாங்கிவந்து சேகரிடம் கொடுத்தார். பெட்டி நல்ல பெட்டிதான், இதை வைத்து மாதாமாதம் ஒத்துப் பார்த்தால் போதும் என்றார். அவர் சொன்னது நியாயம்தான். சேகர் கண்ணாடியைக் கையில் வாங்கக்கூட இல்லை. "வேற யாரையாச்சும் வெச்சுப் பண்ணிக்குங்கம்மா" என்றான். சனிக்கிழமை வகுப்புக்குப் போவதையும் நிறுத்திவிட்டான். சிப் வைத்த டி.வி. ரிப்பேருக்கு வந்தால் சேலத்துக்கு எடுத்துப் போகச் சொல்லிவிடுவான்.

வீட்டில் இருவரும் சண்டை போட்டுக்கொள்ளவில்லை. ஒருநாள் சாப்பிடும்போது அவன், "அன்னிக்குக் கடையில நான் சொன்னதை மனசுல வெச்சுக்காதே" என்றான். "வெச்சுக்கலீங்க" என்றாள் காவேரி. இருவரும் இலையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்கள். அந்த வார்த்தை அந்த வீட்டைவிட்டுப் போகவே இல்லை.

கடைசியாகப் பாக்கி நின்றவள் காளியாயி. புரட்டாசியில் பச்சை எரிந்து, அதன் பிறகு தாய்வீட்டுக்கு இறங்கிவிட்டாள். எந்த ஊர் என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. ஆராயிதான் விசாரித்து விசாரித்துக் குப்பனூர்ப் பக்கம் என்று கண்டுபிடித்தாள். பங்குனிக் கடைசியில் காவேரி சாலிக் குழாயைத் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் இறங்கினாள். வழிநெடுக அவள் மனதில் ஒரே கணக்குதான். புரட்டாசியில் ஐந்தாம் மாதம் என்றால் மாசியிலேயே பிரசவம் ஆகியிருக்கவேண்டும். இருக்கிறாளா?

புளியமரத்தடியில் இருந்த ஓட்டுவீட்டில் விசாரித்தாள். உள்ளேயிருந்து கைப்பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு காளியாயியே வந்தாள்.

"அட, ரத்தம் பாக்கற அம்மா! இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க?"

முற்றத்தில் கீழ்நாட்டு வெயில் கண்ணைப் பறித்தது. காவேரி அவள் விரலை வாங்கிக் குத்தினாள். எந்த எஸ்டேட் என்று கேட்கக்கூட மறந்துவிட்டாள். அமிலத்தில் கலந்து பொறுத்திருந்து, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டாள். கண்ணாடித் துண்டின் நிறமும் ரத்தத்தின் நிறமும் மெல்ல நெருங்கி ஒன்றாயின. கோட்டைப் பார்த்தாள். சந்தேகப்பட்டு இன்னொரு முறை முதலிலிருந்து செய்தாள்.

"பதினொண்ணு" என்றாள்.

"நல்லதுதானுங்களே?"

"நொம்ப நல்லது கண்ணு."

சொல்லிவிட்டு அந்த முற்றத்திலேயே உட்கார்ந்து காவேரி அழத் தொடங்கினாள். ஜீப்பிலும் அழவில்லை, கடையிலும் அழவில்லை, சின்னன் வீட்டிலும் அழவில்லை. இப்போது சத்தம்போட்டு அழுதாள். அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்த்தார்கள். காளியாயி பயந்துபோய் அருகில் குந்தினாள்.

"நல்லா இருக்குதுன்னுதானே சொன்னீங்க? அப்புறம் ஏனுங்க அழுவறீங்க?"

கொஞ்சநேரம் பார்த்துவிட்டுக் காளியாயி குழந்தையை அவள் மடியில் வைத்துவிட்டு, சொம்பில் மோர் கொண்டுவர உள்ளே போனாள். குழந்தை காவேரியின் விரலை இறுகப் பிடித்துக்கொண்டது. அவள் ஒரு கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு கையால் அதன் கீழ் இமையை மெல்ல இழுத்துப் பார்த்தாள்.